எம்1 கேரண்டுக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்பலாமா?

வாசகர் கேள்வி, 2023 அக்டோபர் 28

"அண்ணா, ஒஹாயோவுக்குக் குடிவந்து நான்கு வருடம் ஆகிறது. போன மாதம் உள்ளூர்க் கடையில், இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்க ராணுவத் துப்பாக்கியான எம்1 கேரண்ட் ஒன்று வாங்கினேன். தோட்டா விலையைப் பார்த்ததும் வீட்டிலேயே நிரப்பிக்கொள்ளலாம் என்று தோன்றியது. அலுவலக நண்பர் ஒருவர் தன்னுடைய .30-06 வேட்டைத் துப்பாக்கிக்குப் பத்து வருடமாக நிரப்புகிறார். அவருடைய டை (தோட்டாவின் பித்தளை உறையைச் சுருக்கும் அச்சு), வெடிமருந்து, அளவு எல்லாவற்றையும் அப்படியே எடுத்துக்கொள்ளச் சொல்கிறார். இரண்டும் .30-06 என்ற ஒரே வகைத் தோட்டாவைச் சுடுபவைதானே, ஒத்துவராதா?"

2023 அக்டோபர் 28, இரவு

ஒத்துவராது. நண்பர் நல்லெண்ணத்தோடுதான் சொல்லியிருக்கிறார், ஆனால் அவர் கையில் இருப்பது போல்ட் துப்பாக்கி. தோட்டாவைப் பின்னாலிருந்து அடைத்துப் பூட்டும் போல்ட்டை அவரே தள்ளி, அவரே மடக்குகிறார். பித்தளை உறை முடியளவு நீண்டிருந்தாலும் கை உடனே உணர்ந்துவிடும். இறுக்கமாக இருக்கிறதே என்று அவர் நிறுத்திவிடுவார்.

கேரண்டில் உங்கள் கைக்கு அந்த வேலை கிடையாது. சுருள்வில் போல்ட்டை முன்னால் அறைகிறது. உறை சரியாக உட்கார்ந்ததா, அதன் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் துருத்திக்கொண்டிருக்கிறதா என்று கேட்க அங்கே ஆள் இல்லை. ஆகவே கை செய்த சோதனையைக் கேஜ் என்ற அளவுக் கருவி செய்ய வேண்டும், அதுவும் தோட்டா துப்பாக்கிக்குள் போவதற்கு முன்பே. இப்படி அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கிக்கு நிரப்புவதில் புதியவர் முதலில் பிடித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

இன்னொன்று. மருந்து எத்தனை கிரெயின் (அதன் எடை அளவு) போடுவது என்று என்னிடம் கேட்காதீர்கள், நான் சொல்லமாட்டேன். இணையத்தில் படித்த எண்ணை யாரும் உறைக்குள் ஊற்றக் கூடாது. அச்சிட்ட கையேடு வாங்குங்கள். ஹார்னடி நிறுவனத்தின் கையேட்டில் எம்1 கேரண்டுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. அது சாதாரண .30-06 பகுதி அல்ல. வாங்கும்போதே அந்தப் பக்கத்தில் அடையாளம் வைத்துவிடுங்கள்.

2023 அக்டோபர் 29

கேள்வியில் விசா பற்றி எதுவும் இல்லை. முதலில் அதைக் கேட்டிருக்க வேண்டும். இங்கே படிப்பவர்களில் பலர் எச்-1பி விசாவில் இருப்பவர்கள். அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி, குடியேற்ற உரிமையில்லாத விசாவில் வந்தவர் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது. தோட்டாவும் கூடாது. இதற்குச் சில விலக்குகள் உண்டு. அவற்றில் நம்மவர்களுக்குப் பொருந்துவது, செல்லுபடியாகும் வேட்டை உரிமம் கையில் இருப்பது. உரிமம் காலாவதியானால் விலக்கும் போய்விடும். கிரீன் கார்டு உள்ளவருக்கு இந்தத் தடை இல்லை.

உங்கள் சொந்த உபயோகத்துக்குத் தோட்டா நிரப்பக் கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. விற்பதற்காக நிரப்பினால் உற்பத்தியாளர் உரிமம் வேண்டும். நண்பர் பணம் தருகிறேன் என்றாலும் நிரப்பிக் கொடுக்காதீர்கள். மாநிலத்துக்கு மாநிலம் கூடுதல் விதிகள் இருப்பதால் உங்கள் ஊர் விதியையும் பாருங்கள்.

2023 அக்டோபர் 29, மாலை

கிரீன் கார்டுதான் என்று பதில் வந்துவிட்டது. நல்லது.

2023 நவம்பர் 2

நண்பரின் மருந்து ஏன் வேண்டாம் என்பதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன்.

கேரண்டின் குழல் 24 அங்குலம். நுனிக்குச் சற்று முன்னால், அடிப்பக்கத்தில் ஒரு சிறு துளை இருக்கிறது. குண்டு அதைத் தாண்டியதும் பின்னால் வரும் வாயுவில் கொஞ்சம் துளை வழியே இறங்கி, ஆப்பரேட்டிங் ராட் என்ற நீண்ட கம்பியைப் பின்னுக்குத் தள்ளும். கம்பி போல்ட்டைத் திறக்கும். துப்பாக்கியின் உயிரே அந்தக் கம்பிதான். நேரான கம்பியும் அல்ல, குழலுக்கு அடியில் வளைந்து நெளிந்து போவது.

மெதுவாக எரியும் மருந்தைப் போட்டால், குண்டு நுனியை எட்டும்போதும் அழுத்தம் அதிகமாகவே இருக்கும். உறையின் அடியில் உள்ள அழுத்தம் கையேட்டு வரம்புக்குள் இருந்தாலும், துளையில் உள்ள அழுத்தம் கம்பியை வளைத்துவிடும். கனமான வேட்டைக் குண்டுகளுக்கு நிரப்புகிறவர்கள் பெரும்பாலும் மெதுவாக எரியும் மருந்தைத்தான் விரும்புவார்கள். உங்கள் நண்பரும் அப்படித்தான் என்று நினைக்கிறேன். அவருடைய போல்ட் துப்பாக்கிக்கு அதில் கெடுதல் இல்லை, ஏனென்றால் அதில் துளையும் இல்லை, கம்பியும் இல்லை. இதே காரணத்தால் கடையில் விற்கும் வேட்டைத் தோட்டாக்களையும் கேரண்டில் கண்ணை மூடிக்கொண்டு போடக் கூடாது.

கேரண்டுக்கு வழக்கமாகச் சொல்லப்படுபவை ஐஎம்ஆர் 4895, ஐஎம்ஆர் 4064 வேகத்தில் எரியும் மருந்துகள். ஹாட்ஜ்டன் என்ற பெயரிலும் 4895 என்றே ஒரு மருந்து விற்கிறார்கள். எண் ஒன்று, மருந்து வேறு. கையேட்டில் இரண்டுக்கும் தனித்தனி வரிசை இருக்கும். புட்டியின் லேபிளை எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

அந்த 4895-க்கு ஒரு கதை உண்டு. இரண்டாம் உலகப் போரில் ராணுவத்தின் .30-06 தோட்டாக்களுக்குள் இருந்த மருந்து அது. போர் முடிந்ததும் மலைபோல் மிஞ்சியது. கான்சாஸில் இருந்த புரூஸ் ஹாட்ஜ்டன் அதை மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கத் தொடங்கினார். இன்றைய ஹாட்ஜ்டன் நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். நான் முதன்முதலில் இந்தத் துப்பாக்கியில் சுட்டபோது இதெல்லாம் தெரியாது. தெரிந்தபின் மருந்துப் புட்டியைத் திறக்கும்போதெல்லாம் நினைவுக்கு வருகிறது.

2023 நவம்பர் 5

பித்தளை உறை பற்றி. இது நீளும்.

கோயம்புத்தூரில் அப்பாவின் லேத் பட்டறையில் வளர்ந்தவன் நான். அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கை அங்கே 'தௌ' என்போம். "ரெண்டு தௌ எடு, மூணு தௌ விடு" என்றுதான் பேச்சே நடக்கும். அந்தச் சொல்லையே இங்கும் வைத்துக்கொள்கிறேன். தலைமுடி ஒன்றின் தடிமன் ஏறக்குறைய 3 தௌ.

.30-06 உறையைக் கையில் எடுத்துப் பாருங்கள். சிறிய குடுவை மாதிரி இருக்கும். அடி, உடல், தோள், கழுத்து. சுடும்போது உறை சேம்பரின், அதாவது தோட்டா உட்காரும் அறையின், சுவர்வரை உப்புகிறது, தோளும் முன்னால் போகிறது. மறுபடி நிரப்புவதற்கு முன் டைக்குள் அழுத்தி உடலைச் சுருக்கி, தோளைச் சற்றுப் பின்னுக்குத் தள்ள வேண்டும். கழுத்தை மட்டும் சுருக்கும் டையும் விற்கிறார்கள். போல்ட் துப்பாக்கிக்காரர்கள் சிலர் அதைத்தான் வைத்திருப்பார்கள். உங்களுக்கு அது ஆகாது, முழு உறையையும் சுருக்கும் டைதான் வேண்டும்.

எவ்வளவு தள்ளுவது? போல்ட் துப்பாக்கிக்கு 1, 2 தௌ போதும். கேரண்டுக்கு 3 முதல் 5 தௌவரை தள்ளுகிறோம். குறைவாகத் தள்ளினால் போல்ட் முழுதாகப் பூட்டாது. அதிகம் தள்ளினால் ஒவ்வொரு முறை சுடும்போதும் உறை அதிகம் இழுபட்டு, அடிக்கு மேலே மெலிந்துகொண்டே வரும். வெர்னியரில் மாட்டும் கம்பேரேட்டர் ஒன்று வாங்குங்கள். உங்கள் துப்பாக்கியில் சுட்ட உறையின் தோளை அளந்து, அதிலிருந்து 3, 4 தௌ குறையும்படி டையை இறக்குங்கள்.

நீளத்தையும் பார்க்க வேண்டும். .30-06 உறையின் உச்ச நீளம் 2.494 அங்குலம். அதைத் தாண்டினால் 2.484-க்கு வெட்டிவிடுங்கள். வெட்டிய வாயின் உள்ளும் புறமும் பிசிறு நீக்குவதற்கு ஒரு சிறு கருவி இருக்கிறது. இரண்டு சுற்று போதும். கத்தி மாதிரி கூர்மையாக்கிவிடாதீர்கள்.

2023 நவம்பர் 6

நேற்று எழுதியதில் ஒரு திருத்தம். காலையில் வேலைக்குப் போகும் வழியில் உறைத்தது.

"சுட்ட உறையின் தோளை அளந்து, அதிலிருந்து குறையுங்கள்" என்றேன். போல்ட் துப்பாக்கிக்கு அது முழு உண்மை. கேரண்ட் அப்படி அல்ல. உள்ளே கொஞ்சம் அழுத்தம் மிச்சம் இருக்கும்போதே போல்ட் திறந்து உறையைப் பிடுங்குகிறது. அந்த இழுப்பில் உறை உங்கள் சேம்பரின் உண்மையான நீளத்தைவிடச் சற்று நீண்டு வெளியே வரலாம். அந்த அளவை நம்பிக் கழித்தால், 4 தௌ தள்ளியதாக நினைத்து 1 தௌ மட்டும் தள்ளியிருப்பீர்கள்.

ஆகவே கேஸ் கேஜும் வேண்டும். உருளை வடிவில், உறை உள்ளே விழும்படி குடைந்த இரும்புத் துண்டு அது. அதன் ஒரு முனையில் இரண்டு படிகள் இருக்கும். சுருக்கிய உறையைப் போட்டால் அடி அந்த இரண்டு படிகளுக்கும் நடுவில் நிற்க வேண்டும். மேல் படிக்கு வெளியே துருத்தினால் நீளம், கீழ்ப் படிக்கும் கீழே அமிழ்ந்தால் தோளை அதிகம் தள்ளிவிட்டீர்கள். நகத்தால் தடவினாலே தெரியும். கம்பேரேட்டரை வேண்டாம் என்று சொல்லவில்லை, அது தரும் எண்ணுக்குக் கேஜைச் சாட்சியாக வைத்துக்கொள்ளுங்கள். டையை அமைக்கும்போது மட்டும் அளந்தால் போதாது, ஒவ்வோர் உறையையும் கேஜில் போடுங்கள். 50 உறைக்குப் பத்து நிமிடம்கூட ஆகாது.

2023 நவம்பர் 11

பிரைமர். நான் அதிகம் கவலைப்படும் இடம்.

இதைச் செய்து பாருங்கள். துப்பாக்கிக் களத்தில், குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்துக்கொண்டு, கடையில் வாங்கிய எட்டுத் தோட்டாக்களை, அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும் கிளிப்போடு ஏற்றுங்கள். முதல் தோட்டா சேம்பருக்குள் போனதும் சுடாமல் போல்ட்டைப் பின்னுக்கு இழுத்து அதை வெளியே எடுங்கள். பிரைமரின் நடுவில் பார்த்தால் ஊசி முனையால் தொட்ட மாதிரி ஒரு மெல்லிய குழி தெரியும். விசையை நீங்கள் தொடவே இல்லை. கேரண்டின் சுடும் ஊசிக்கு அதைப் பின்னால் பிடித்துவைக்கும் சுருள்வில் கிடையாது. போல்ட் முன்னால் அறையும்போது ஊசி தன் வேகத்தில் போய்ப் பிரைமரைத் தட்டுகிறது. சாதாரணமாக அந்தத் தட்டலுக்குப் பிரைமர் வெடிக்காது. ஒரே தோட்டாவைத் திரும்பத் திரும்ப ஏற்றி இறக்காதீர்கள்.

இப்போது பிரைமர் உறையின் அடியைவிடச் சற்று வெளியே துருத்தியிருந்தால்? போல்ட்டின் முகமே அதை நசுக்கும். போல்ட் முழுதாகப் பூட்டுவதற்கு முன்பே தோட்டா வெடித்தால் வாயு முகத்தை நோக்கித்தான் வரும். அதனால் ஒவ்வொரு பிரைமரும் அடிக்குக் கீழே 3 முதல் 5 தௌ அமிழ்ந்திருக்க வேண்டும். விரலால் தடவுங்கள், சிறு பள்ளம் தட்டுப்பட வேண்டும். பிறகு ஓர் இரும்பு அளவுகோலை அடியின் குறுக்கே நிறுத்திப் பாருங்கள். பிரைமர்மேல் அது ஆடினால் அந்தத் தோட்டாவை விலக்கிவிடுங்கள்.

ராணுவ உறைகளில் பிரைமரைச் சுற்றிப் பித்தளையை நசுக்கிப் பூட்டியிருப்பார்கள். எல்சி என்று முத்திரையிட்ட, லேக் சிட்டி ராணுவத் தொழிற்சாலையின் உறைகள் அப்படித்தான் வரும். பழைய பிரைமரை நீக்கியபின் அந்த நெரிசலைச் சீவி எடுக்கவோ விரித்துவிடவோ வேண்டும். எடுக்காவிட்டால் புதுப் பிரைமர் பாதியில் மாட்டிக்கொள்ளும். வலிந்து அழுத்தவே கூடாது.

ராணுவத் தரக் கடினம் கொண்ட சிசிஐ 34 பிரைமரைத் தவிர எதையும் போடாதீர்கள்.

2023 நவம்பர் 14

கடைசி வரியை இன்று அப்படியே எழுதமாட்டேன். சிசிஐ 34 நல்ல தேர்வு, கிடைத்தால் அதையே வாங்குங்கள். ஆனால் சாதாரணப் பிரைமரைச் சரியான ஆழத்தில் உட்காரவைத்து ஆண்டுக்கணக்காகச் சுடுகிறவர்கள் பலர் உண்டு. கடினமான பிரைமர் வாங்கிவிட்டோம் என்ற தெம்பில் ஆழத்தைப் பார்க்காமல் விடுகிறவர்தான் அபாயத்தில் இருக்கிறார். பிரைமர் பெட்டியை மாற்றினால் கையேட்டின் தொடக்க அளவுக்குத் திரும்பிப் போய் மறுபடி மெல்ல ஏற வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஒருவர் தனியாகக் கேட்டிருந்தார்: "சேம்பரில் ஒரே ஒரு தோட்டாவைக் கையால் வைத்துவிட்டு போல்ட்டை விடலாமா?" வேண்டாம். கிளிப்பிலிருந்து தோட்டாவை உரசி எடுத்து வரும்போது போல்ட்டின் வேகம் கொஞ்சம் குறையும். சேம்பரில் ஏற்கெனவே தோட்டா இருந்தால் போல்ட் முழு வேகத்தில் அறையும், ஊசியும் அப்படியே. ஒவ்வொன்றாகச் சுடுவதற்கென்றே கிளிப் இடத்தில் வைக்கும் ஒரு துண்டு விற்கிறார்கள், அதை வாங்குங்கள்.

2023 நவம்பர் 15

பெர்டன், பாக்ஸர் என்ற இரண்டு பிரைமர் முறைகள் பற்றிய குழப்பம். உறையின் உள்ளே விளக்கடித்துப் பாருங்கள். நடுவில் ஒரே துளை என்றால் பாக்ஸர், நிரப்பலாம். ஓரத்தில் இரண்டு சிறு துளை என்றால் பெர்டன், சாதாரண டையில் பழைய பிரைமரை வெளியே தள்ளும் ஊசி உடைந்துபோகும். பெர்டன் அமெரிக்கர், அவர் முறை ஐரோப்பாவில் பரவியது. பாக்ஸர் ஆங்கிலேயர், அவர் முறை அமெரிக்காவில் நிலைத்தது. எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காத செய்தி இது.

2023 நவம்பர் 19

எண்ணெய் தடவாமல் உறையை டைக்குள் அனுப்பாதீர்கள். என் முதல் ஆண்டில் ஓர் உறைக்கு மட்டும் தடவ மறந்துவிட்டேன். பாதி வழியில், உறையை டைக்குள் அழுத்தும் பிரஸின் கைப்பிடி கல்லானது. மேலே தூக்கியபோது, உறையின் அடியைப் பற்றியிருக்கும் பிடிப்பான் அதன் விளிம்பைப் பிய்த்துக்கொண்டு வந்தது, உறை டைக்குள்ளேயே நின்றுவிட்டது. அடியைத் துளையிட்டு, மரை வெட்டி, போல்ட் போட்டு இழுத்துத்தான் எடுத்தேன். பட்டறைப் பழக்கம் அன்று கைகொடுத்தது. லானோலின் கலந்த எண்ணெய் மெல்லியதாக, உடலிலும் கழுத்தின் உள்ளேயும். தோளில் தேங்கினால் குழி விழும்.

2023 நவம்பர் 25

எடை பார்ப்பது பற்றிக் கேட்டிருக்கிறீர்கள்.

மருந்தைக் கிரெயினில் நிறுக்கிறோம். ஒரு பவுண்டுக்கு 7,000 கிரெயின், ஒரு கிரெயின் 64.8 மில்லிகிராம். நம் ஊர்ப் பொற்கொல்லரின் குன்றிமணி எடை இருக்கிறதே, அதில் ஏறக்குறைய பாதி. நாம் பார்ப்பதோ ஒரு கிரெயினில் பத்தில் ஒரு பங்கு. அதாவது குன்றிமணியை இருபது பங்கு போட்டு அதில் ஒன்று. பொற்கொல்லர் தராசைக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பது ஏன் என்று இந்த வேலைக்கு வந்தபிறகுதான் எனக்கு முழுதாகப் புரிந்தது.

என் நிலவறையில் வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் ஓடத் தொடங்கினால் தராசுக் கோல் மெல்ல ஆடும். காற்று எங்கிருந்து வருகிறது என்றே தெரியாது. இப்போது தராசைச் சுற்றி மூன்று பக்கம் அட்டை நிறுத்தியிருக்கிறேன், நிரப்பும் ஒரு மணி நேரம் ஃபர்னஸையும் நிறுத்திவிடுவேன். மின்னணுத் தராசும் வைத்திருக்கிறேன். பத்து உறைக்கு ஒருமுறை சோதனை எடையை வைத்துப் பார்க்காமல் அதை நம்புவதில்லை.

மேசையில் ஒரே ஒரு மருந்துப் புட்டி. வேலை முடிந்ததும் மிச்சத்தை அதே புட்டியில் ஊற்றி, மூடி, அலமாரியில் வைத்துவிட்டுத்தான் அடுத்த வேலை. குச்சி குச்சியாக இருக்கும் இரண்டு மருந்துகளைக் கண்ணால் பிரித்தறிய முடியாது. பெயர் சந்தேகமான மருந்து எவ்வளவு விலை கொடுத்து வாங்கியதானாலும் அழிக்க வேண்டியதுதான்.

50 உறைகளையும் மரப்பலகைக் குழிகளில் நிறுத்தி, மருந்து ஊற்றியபின் விளக்கைப் பிடித்து ஒவ்வொன்றாக உள்ளே பாருங்கள். எல்லாவற்றிலும் ஒரே மட்டத்தில் தெரிய வேண்டும். .30-06-இல் 4895-ஐ இரண்டு முறை ஊற்றினால் வழிந்துவிடும், ஆகவே இரட்டிப்பு உடனே தெரிந்துவிடும். பாதி அளவோ, மருந்தே இல்லாத உறையோ வழிந்து காட்டாது. குண்டு குழலுக்குள் சிக்கி நிற்க, அடுத்ததையும் சுட்டால் துப்பாக்கி பிளந்துவிடும்.

2023 டிசம்பர் 3

வீட்டில் சிறு பிள்ளை இருக்கிறதா என்று கேட்க மறந்துவிட்டேன். இருக்கிறது, இரண்டு வயது என்கிறீர்கள். அப்படியானால் இதை மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் படியுங்கள்.

பிரைமர் கலவையில் ஈயம் இருக்கிறது. சுட்ட உறைக்குள் கரியாகப் படிவதில் அதுவும் உண்டு. உறையைச் சுத்தம் செய்ய வால்நட் ஓட்டுத் தூளோடு உலர்வாகச் சுழற்றினால், மூடியைத் திறக்கும்போது அந்தத் தூசி பறக்கும். நான் உலர் முறையை விட்டுவிட்டேன். தண்ணீரும் எஃகு ஊசியும் போட்டுக் கார் ஷெட்டில் சுழற்றுகிறேன். மேசையருகே தின்பண்டம், காபி எதுவும் கிடையாது. வேலை முடிந்ததும் குளிர்ந்த நீரில் சோப்பு போட்டுக் கை கழுவுவேன். களத்துக்குப் போட்ட செருப்பு வீட்டுக்குள் வராது. தவழும் பிள்ளையின் கை தரையில்தான் இருக்கும், அதே கை வாய்க்கும் போகும்.

மருந்தும் பிரைமரும் அவற்றின் சொந்தப் பெட்டியிலேயே, பூட்டிய அலமாரியில். ஒரு வீட்டில் 20 பவுண்டு மருந்து, 10,000 பிரைமர் என்பது இங்கே பொதுவாகப் பின்பற்றப்படும் தீப் பாதுகாப்பு வரம்பு. உங்களுக்கு ஒரு பவுண்டும் ஆயிரமும் ஒரு வருடத்துக்குப் போதும். பிரைமர்களைக் கண்ணாடிக் குப்பியில் கொட்டி வைக்கவே கூடாது, ஒன்று வெடித்தால் எல்லாம் வெடிக்கும்.

2023 டிசம்பர் 10

ஓர் உறையை எத்தனை முறை நிரப்பலாம்?

நான் ஐந்தோடு நிறுத்துகிறேன். இதற்குக் காரணமான நாளைச் சொல்கிறேன். ஆறு வருடத்துக்கு முன் ஒரு களத்தில், 200 கஜத்தில் சுட்டுக்கொண்டிருந்தேன். உறைகள் ஏழாவது சுற்றில் இருந்தன. நன்றாகத்தானே இருக்கின்றன என்று ஓட்டிக்கொண்டிருந்தேன். நான்காவது தோட்டா வெடித்ததும் சிமெண்டுத் தரையில் விழுந்த உறையின் ஒலி வேறு மாதிரி இருந்தது. வழக்கமான நீண்ட கிணுகிணுப்பு இல்லை, ஒரு குட்டை 'டிக்'. அதற்குள் ஐந்தாவது தோட்டா பாதியில் சிக்கி நின்றுவிட்டது. கீழே பார்த்தால் கட்டைவிரல் நுனியளவு பித்தளைக் கிண்ணம் மட்டும் கிடந்தது. உறையின் மீதி முழுவதும் சேம்பருக்குள்ளேயே இருந்தது. அடிக்கு மேலே சுற்றிலும் கத்தரித்த மாதிரி பிரிந்துவிட்டது. எனக்குக் காயம் இல்லை. கைதான் வெகுநேரம் நடுங்கியது.

அந்தப் பிரிவு திடீரென்று வருவதில்லை. அடியிலிருந்து ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் மேலே, வெளிப்புறத்தில் பளபளப்பான கோடு ஒன்று வளையமாகத் தெரியும். உள்ளே அதே இடத்தில் பள்ளம் இருக்கும். பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியை மடக்கிக் கூராக்கி, உறையின் உள்ளே அடியிலிருந்து மேல்நோக்கி இழுத்துப் பாருங்கள். பள்ளம் இருந்தால் கம்பி அதில் விழுந்து தடுக்கும். ஒருமுறை உணர்ந்தால் விரல் மறக்காது. தடுக்கிய உறையைக் குறடால் நசுக்கிவிட்டுத்தான் குப்பைக்கு அனுப்புவேன், வேறொருவர் பொறுக்கி நிரப்பிவிடக் கூடாது.

சுருக்கும்போது தோளை அளவாகத் தள்ளியிருந்தால் அந்த உறைகள் இன்னும் சில சுற்று தாங்கியிருக்கலாம். அந்தக் காலத்தில் நான் டையைப் பிடிப்பானில் முட்டும்வரை இறக்கி, மேலும் ஒரு கால் திருகு திருகி வைப்பேன். எத்தனை தௌ தள்ளுகிறேன் என்று அளந்ததே இல்லை. நவம்பர் 5, 6 குறிப்புகளை அவ்வளவு நீட்டியது அதனால்தான்.

2023 டிசம்பர் 17

விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் கவனியுங்கள். களத்துக்கு எடுத்துப்போன பையை விமானப் பயணத்துக்கு எடுக்காதீர்கள். பக்கவாட்டுப் பையில் மறந்துபோன ஒரே ஒரு தோட்டா சென்னை விமான நிலைய ஸ்கேனரில் தெரிந்தாலும் 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்காகலாம். தெரியாமல் இருந்தது என்று நிரூபித்து வெளிவருவதற்குள் விடுமுறை முடிந்துவிடும். என் வீட்டில் களப் பை சிவப்பு. வேறெந்தப் பையும் சிவப்பில்லை.

2024 ஜனவரி 7

பணம் மிச்சமாகுமா என்ற கேள்விக்கு இத்தனை நாளாகப் பதில் சொல்லவில்லை. எனக்கு முதல் இரண்டு வருடம் ஒரு டாலரும் மிச்சமாகவில்லை. பிரஸ், டை, தராசு, கேஜ், வெட்டும் கருவி என்று முதலிலேயே போய்விட்டது. 2020, 2021-இல் பிரைமரே கண்ணில் படவில்லை, கிடைத்த இடத்தில் பல மடங்கு விலை. மிச்சம் பிடிப்பதற்காக மட்டும் என்றால், ராணுவத்தின் 'எம்2 பால்' (M2 Ball) என்ற தோட்டாவின் தரத்தில் கேரண்டுக்கென்றே விற்கும் தோட்டாக்களைப் பெட்டியாக வாங்கிச் சுடுங்கள், காலி உறைகளைச் சேர்த்துவையுங்கள்.

நான் நிரப்புவது வேறு காரணத்துக்காக. ஜான் கேரண்ட் கனடாவில் பிறந்தவர், அடிப்படையில் இயந்திரக் கருவி செய்கிறவர். மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச் சாலையில் ஆண்டுக்கணக்காக உட்கார்ந்து உருவாக்கிய துப்பாக்கி 1936-இல் ராணுவத்துக்குள் போனது. 50 லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். அவருக்கு அதில் உரிமத்தொகை கிடையாது, காப்புரிமையை அரசுக்கே கொடுத்துவிட்டார். ஒரு லட்சம் டாலர் கொடுக்க நாடாளுமன்றத்தில் வந்த மசோதாவும் நிறைவேறவில்லை. பட்டறைக்காரர் மகனுக்கு அந்த மனிதர்மேல் தனிப் பிரியம் வருவது இயல்பு. அவர் செய்ததைக் கெடுக்காமல் ஓடவைக்க வேண்டும் என்பதே எனக்குப் போதுமான காரணம்.

பிரஸ் எது என்றால், ஒருமுறை இழுத்தால் ஒரே வேலை செய்யும் ஒற்றை நிலைப் பிரஸ். ஒரே இழுப்பில் நான்கைந்து வேலை செய்யும் பிரஸைத் தொடக்கத்தில் வாங்காதீர்கள், எந்த உறையில் என்ன நடந்தது என்று பார்க்க நேரம் கிடைக்காது.

2024 பிப்ரவரி 18

முதல் எட்டுத் தோட்டாக்களின் படம் வந்திருக்கிறது. நான்கு மாதம் எடுத்துக்கொண்டீர்கள், சரியான வேகம். கையேட்டின் தொடக்க அளவிலேயே நிறுத்தியிருக்கிறீர்கள், அடியில் மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு முதல் சுற்று என்று குறித்திருக்கிறீர்கள். மொத்த நீளம் எல்லாவற்றிலும் 3.340 அங்குலத்துக்குள் இருக்கிறது. ஏழு கேஜ் படங்களும் நடுவில் நிற்கின்றன.

எட்டாவதைப் பெரிதாக்கிப் பாருங்கள். அளவுகோலுக்கும் அடிக்கும் நடுவே இடதுபுறம் வெளிச்சம் தெரிகிறது. பிரைமர் கொஞ்சம் தூக்கலாக நிற்கிறது. லேக் சிட்டி முத்திரை என்பதால் நெரிசல் முழுதாகப் போகவில்லை என்று நினைக்கிறேன். மருந்தும் குண்டும் உள்ளே இருக்கும்போது பிரைமரை மறுபடி அழுத்தப் பார்க்காதீர்கள். சுத்தியல் மாதிரி தட்டிக் கழற்றும் கருவியும் வேண்டாம், பிரஸில் மாட்டும் கோலெட் இழுப்பானால் குண்டை மெதுவாக எடுங்கள். மருந்தை ஊற்றிவிட்டு உறையைத் தனியாக வையுங்கள். சனிக்கிழமை ஏழோடு களத்துக்கு வாருங்கள், கிளிப்பில் முதலில் இரண்டு மட்டும் போட்டுச் சுடுவோம். எட்டாவது உறையையும் சட்டைப்பையில் எடுத்துவாருங்கள், நெரிசல் எங்கே மிஞ்சியிருக்கிறது என்று காட்டுகிறேன்.